நன்றிப் பணம்

லியெனின் அப்பாவுக்கு,

ஒசாகாவில் அறை கிடைத்துவிட்டது. சாவி வாங்கப் போனால், முன்பணம் போக இன்னொரு மாத வாடகையை "நன்றிப் பணம்" என்று கேட்டார் தரகர்.

"யாருக்குங்க நன்றி?"

"வீட்டுக்காரருக்குத்தாம்மா. வியட்நாம்காரங்கள இங்க யாரு இருக்க விடறா? இவர் விடறாரே! இது திரும்ப வராது."

கொடுத்தேன். இப்போது முட்டைக்கோஸைக்கூடக் கால்வாசியாகத்தான் வாங்குகிறேன்.

நேற்று வீடியோவில், "ஜப்பான்ல இருக்கறவளுக்கு என்னடி குறைச்சல்?" என்று சிரித்தீர்கள். உங்களுக்குப் பின்னால், முன்பு தைவானில் உழைத்து நான் கட்டிய வீட்டின் வாசலில், சிவப்புச் செருப்பு ஒரு ஜோடி கிடந்தது. என்னுடையது அல்ல. நம் மகள் லியெனுக்கும் அது பெரிது.

யாரென்று கேட்கவில்லை. என் வீட்டில் அவளை இருக்க விட்டிருக்கிறேன். அவளிடம் நன்றிப் பணம் வாங்கி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
வீட்டுக்காரி