சூட்டில் நிலைக்காத செட்டு

நாகல் நகர், திண்டுக்கல்
12-2-1966

அன்புள்ள அத்தானுக்கு முத்துப்பேச்சி எழுதுவது. இங்கே அப்பா, அத்தை, நான் மூவரும் சுகம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறதென்று அத்தை தினமும் என்னைக் கேட்கிறாள், நான் என்னவோ உங்கள் ஹாஸ்டலிலிருந்து வந்தவள் மாதிரி. பெற்ற தாய்க்கு மாதம் ஒரு கார்டு போட்டால் கை தேய்ந்துவிடுமா?

அப்பா எழுதச் சொன்னது இது. நம் ஒலிபெருக்கிக் கடைக்குப் புதிதாக வாங்கிய டிரான்சிஸ்டர் ஆம்பிளிஃபயர் மானத்தை வாங்குகிறது. வால்வு செட்டை விட லேசு, நன்றாக உழைக்கும் என்று சொல்லித்தான் விற்றார்கள். நிலக்கோட்டைக் கல்யாணத்தில் ஒரு மணி நேரம் பாடியது. அப்புறம் தொண்டை கட்டி, தாலி கட்டுகிற நேரம் பார்த்து அடங்கிப்போனது. ஆறவைத்தால் மறுபடி பாடுகிறது. மருமகன் இதைத்தானே படிக்கிறான், அவனிடம் கேள் என்கிறார்.

"பரீட்சை முடிஞ்சதும் ஆவணியில கல்யாணம், மறுநாளே கடைச் சாவி அவன் கையில" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. எழுது எழுது என்று பக்கத்திலேயே நிற்கிறார்.

மாமன் மகள்
முத்துப்பேச்சி


சென்னை
20-2-1966

அன்புள்ள பேச்சிக்கு,

அம்மாவுக்குக் கார்டு போட்டுவிட்டேன். திட்டாதே.

செட்டின் நோய் புரிந்தது. அதில் இருக்கும் பவர் டிரான்சிஸ்டர் சூடானால் அதில் ஓடும் கரண்ட் கூடும். கரண்ட் கூடினால் இன்னும் சூடாகும். விட்டால் தன்னைத்தானே எரித்துக்கொள்ளும். அப்படி ஆகாமலிருக்க எமிட்டர் காலில் சின்ன ரெசிஸ்டன்ஸ் ஒன்று வைப்பார்கள். கரண்ட் ஏற ஏற அந்த ரெசிஸ்டன்ஸில் வோல்டேஜ் ஏறும். அதனால் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே உள்ள வோல்டேஜ் குறையும், கரண்ட் தானாக இறங்கிவிடும். பொங்குகிற பாலில் நீ தண்ணீர் தெளிப்பாயே, அதே வேலைதான். சத்தம் கூடுதலாக வரட்டும் என்று யாரோ அந்த ரெசிஸ்டன்ஸின் இரண்டு முனையையும் கம்பியால் சேர்த்திருப்பார்கள். கம்பியை எடுத்தால் போதும். படம் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன்.

பெங்களூரில் ஒரு கம்பெனி எங்கள் வகுப்பில் பாஸாகிறவர்களைக் கேட்டிருக்கிறது. வாத்தியார் என் பெயரைச் சொன்னார். எனக்கு வேலை ஏற்கெனவே காத்திருக்கிறது, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அம்மா உங்கள் வீட்டில் சாப்பிடும் சோற்றை நான் மறக்கவில்லை என்று மாமாவிடம் சொல்.

நல்லுசாமி


நாகல் நகர்
9-3-1966

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் சொன்ன இடத்திலேயே கம்பி இருந்தது! அப்பாவுக்குக் கண் மங்கல், அதனால் உங்கள் படத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு நான்தான் அதை எடுத்தேன். நத்தம் திருவிழாவில் காலையில் ஆரம்பித்த பாட்டு சாயங்காலம் வரை நிற்கவில்லை. அப்பா மார்பை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறார்.

அந்தச் சந்தோஷத்தில் பெயர்ப்பலகையே மாற்றிவிட்டார். 'உடையப்பன் – நல்லுசாமி ஒலிபெருக்கி நிலையம்.' உங்கள் பெயர் சிவப்பில், ரோட்டு முனையிலிருந்தே தெரிகிறது. நத்தத்திலிருந்து என்னைப் பெண் கேட்டு வந்தவர்களிடம் அந்தப் பலகையைக் காட்டியே திருப்பி அனுப்பினார். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. நன்றாகப் படியுங்கள்.

உங்கள்
பேச்சி


சென்னை
18-6-1966

அன்புள்ள பேச்சிக்கு,

ரிசல்ட் வந்துவிட்டது. ஆம்பிளிஃபயர் பேப்பரில் மட்டும் போய்விட்டது. சூட்டில் நிலைக்காத சர்க்யூட்டை ஆராய்ந்து, நிலைக்கவைக்கும் வழியை எழுதச் சொன்ன பெரிய கேள்வியில்தான் கவிழ்ந்தேன். அக்டோபரில் மறுபடி எழுத வேண்டும். ஆவணிக் கல்யாணத்தைத் தள்ளிவைக்க மாமாவிடம் நீதான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். அம்மா மேல் அவர் கோபப்படாமல் பார்த்துக்கொள்.

நல்லுசாமி


சென்னை
14-12-1966

பேச்சிக்கு,

மறுபடியும் அதே பேப்பர். எனக்கு மண்டையில் ஏறவில்லை. இன்னும் ஒரு வருஷம், இரண்டு வருஷம் ஆகலாம் என்று மாமாவிடம் சொல். வேறு என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

நல்லுசாமி


நாகல் நகர்
22-1-1967

அன்புள்ள அத்தானுக்கு,

தேர்தல் வருவதால் நம் செட்டுகளுக்கு ஓய்வில்லை. அந்த டிரான்சிஸ்டர் செட்டு ஜீப்பில் ஏறி ஊர் ஊராகக் கத்துகிறது. ஒரு நாள்கூடப் படுக்கவில்லை. அதன் சத்தம் காதில் விழும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வருகிறது.

எந்தக் கேள்வியில் கவிழ்ந்தேன் என்கிறீர்களோ, அதற்கு நீங்கள் எழுதிய பதில்தான் அந்த ஜீப்பில் ஓடுகிறது. எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றுபோன எனக்குப் புரியும்படி எழுதியவருக்குப் பரீட்சைத் தாளில் எழுத வரவில்லையா? அதுவும் இரண்டு தடவை? எனக்குக் காது குத்தி இருபது வருஷமாகிறது அத்தான், மறுபடி குத்த வேண்டாம்.

வாயைத் திறந்து இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று சொன்னால் அத்தை நடுத்தெருவில் நிற்பாள் என்று பயந்தீர்கள். அது தெரிவதால்தான் கோபம்கூட எனக்கு முழுசாக வரமாட்டேன் என்கிறது. உங்கள் மேல் எனக்கு ஆசை இருந்தது. இனி இதைச் சொல்ல வெட்கமில்லை. பெயிலான செய்தி வந்த இரண்டு தடவையும் நான் அழுதேன், உங்களுக்காக. அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

போன வெள்ளிக்கிழமை அப்பாவிடம், "எனக்கு அத்தானக் கட்டிக்க இஷ்டமில்லப்பா" என்றேன். அடித்தார். "அம்புட்டுத் திமிரா ஒனக்கு? இனிமே இந்த வாசப்படிய நீ தாண்டக் கூடாது" என்றார். தாண்டவில்லை. இந்தக் கடிதத்தை அத்தைதான் தபாலில் சேர்க்கப்போகிறாள். உள்ளே என்ன இருக்கிறதென்று அவளுக்குத் தெரியாது. என்னோடு அவளும் பேசுவதில்லை, ஆனால் கொடுத்ததை வாங்கிக்கொண்டாள்.

அப்பா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் மக பண்ணின வேலைக்கு நீ என்னத்தா செய்வ, நீ எங்கயும் போயிராத" என்று அழுதார். ஆகவே அத்தைக்கு இங்கே ஒரு குறையும் வராது. பலகையில் உங்கள் பெயருக்கு மேல் வெள்ளை அடித்தாகிவிட்டது. நத்தத்துக்காரர்களுக்கு அப்பா ஆள் அனுப்பியிருக்கிறார். இந்தத் தடவை என் இஷ்டத்தை யாரும் கேட்கப்போவதில்லை.

ஏப்ரலில் அந்தக் கேள்வி வந்தால், பால் பொங்குவதைப் பற்றி எழுதாமல் ஒழுங்காகப் படம் போட்டு எழுதுங்கள். பெங்களூருக்குப் போங்கள். இனி நீங்கள் பெயிலாக வேண்டியதில்லை.

அத்தைக்கு மாதம் ஒரு கார்டு போடுங்கள். எனக்கு வேண்டாம்.

முத்துப்பேச்சி