ஊரையெல்லாம் கேட்டவள்

மார்ச் 4, திங்கள்

குக்கர் பெரிய பொருளா, சின்னப் பொருளா? இன்று முழுக்க மண்டைக்குள் ஓடியது இதுதான்.

"வீட்டுக்குத் தேவையான பெரிய பொருள்களை வாங்க இது நல்ல நேரம் என்று நினைக்கிறீர்களா?" என்று திரையில் இருப்பதை அப்படியே படித்தேன். போனின் எதிர்முனையில் இருந்த ஓர் அம்மா, குக்கர் அதில் சேருமா என்று கேட்டார். விளக்கம் சொல்ல எங்களுக்கு அனுமதி கிடையாது. கேள்வியை மறுபடி படித்தேன். அவரும் விடவில்லை. நான் மூன்றாவது தடவை படித்து முடிப்பதற்குள், எதுவானாலும் இப்போது வேண்டாம், கைப்பிடியைக் கயிற்றால் கட்டி ஓட்டிக்கொள்கிறேன் என்று அவரே தீர்ப்புச் சொல்லிவிட்டார். 'நல்ல நேரம் இல்லை' என்று பதிந்தேன்.

கம்ப்யூட்டர் ஏதோ ஒரு எண்ணைப் போடும், நாங்கள் பேச வேண்டும். இன்னும் ஓராண்டில் உங்கள் குடும்ப நிலைமை மேம்படுமா, அப்படியே இருக்குமா, மோசமாகுமா? நாட்டு நிலைமை? வேலை வாய்ப்பு? பேர் கேட்பதில்லை. எல்லாப் பதிலையும் கூட்டிக் கழித்து மாதக் கடைசியில் நம்பிக்கைக் குறியீடு என்று ஓர் எண் வரும், பேப்பரில் போடுவார்கள். கொஞ்ச காலமாக அது இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது.

ஆறுதல் சொல்லக் கூடாது என்பதுதான் இந்த வேலையில் கஷ்டமான விதி. 'அடடா' என்றுகூட வாயில் வரக் கூடாது. எல்லாவற்றையும் உள்ளே போட்டு அமுக்கிக்கொண்டு வந்து, ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் என் வீட்டுக்காரர் இவரிடம் கொட்டுகிறேன். முடிதிருத்துபவர் ஒருவர் போனில் சொன்னார், வாடிக்கைக்காரர்களெல்லாம் இப்போது முடி வளர்க்கிறார்களாம். இவர் தலையாட்டிக்கொண்டு சாப்பிட்டார். வேலை பார்த்த சோபா கம்பெனியை மூடியதிலிருந்து இவருக்குப் பேச்சே குறைந்துவிட்டது.

மார்ச் 7, வியாழன்

இன்று ஒருவர்கூட 'மேம்படும்' என்று சொல்லவில்லை. ஒருவர்கூட. தலைவலி.

மார்ச் 10, ஞாயிறு

நாத்தனார் வந்திருந்தாள். அவள் வீட்டின் கீழ் அறையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர் காலி செய்துவிட்டாராம். அண்ணன் அங்கே குஷன் வேலை தொடங்கலாமே, பழைய சோபா, நாற்காலி, ஆட்டோ சீட் எல்லாம் சரிசெய்து கொடுக்கலாமே என்று சொல்லத்தான் வந்திருக்கிறாள். முன்பணம் வேண்டாம், கடை ஓடத் தொடங்கியதும் வாடகை கொடுத்தால் போதும் என்கிறாள். தங்கமான மனசு.

இவர் முகத்தில் ஒரு நிமிஷம் என்னவோ தெரிந்தது. உடனே என்னைப் பார்த்தார். நான் உள்ளதைச் சொன்னேன். போன வாரம் பேசிய ஒரு பெண், சோபா கிழிந்ததும் மேலே போர்வையைப் போட்டு மூடிவிட்டதாகச் சொன்னாள், யார் இப்போது காசு கொடுத்துத் தைக்கப் போகிறார்கள் என்று. கூடவே ஃபர்னிச்சர் கடை ஆள் ஒருவர் அழுத கதையும்.

"பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு இவர் கை கழுவ எழுந்து போனார்.

எப்போது பார்த்தாலும் பாக்கலாம், பாக்கலாம்! இருபது வருஷம் அந்தக் கம்பெனியில் இவர் கை படாமல் ஒரு சோபா வெளியே போனதில்லை. அந்த மனுஷனுக்கு இப்போது தன்மேலேயே நம்பிக்கை விட்டுப்போச்சு. நான் என்ன செய்வேன்?

மொபைல் ரிப்பேர்க்காரர் ஒருவரும் அறையைக் கேட்கிறாராம். மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும் என்றாள். கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அண்ணி, நீங்க வேலைக்குப் போறீங்களா, இழவு வீட்டுக்குப் போறீங்களா?" என்றாள். கிண்டல்தான் அவளுக்கு.

மார்ச் 13, புதன்

தணிக்கை மேஜைக்கு மாற்றியிருக்கிறார்கள். அங்கே இருந்த பெண் பிரசவ விடுப்பில் போய்விட்டாள். மற்றவர்கள் பேசிய அழைப்புகளில் கம்ப்யூட்டர் எடுத்துக் கொடுப்பதைக் கேட்டு, கேள்வியை ஒழுங்காகப் படித்தார்களா என்று பார்க்க வேண்டும். வாய்க்கு ஓய்வு, காதுக்கு வேலை.

டீம் லீடர் அம்மா கண்டிப்பாகச் சொன்னார்: "இங்க கேக்கற எதுவும் வீட்டுக்குப் போகக் கூடாது. போனா வேலையும் போயிடும்."

பேர் தெரியாத மனிதர்களின் கதையைச் சொல்வதில் என்ன தப்பு? ஆனாலும் கொஞ்சம் உறுத்தியது. இன்று ராத்திரியும் சொன்னேன், வேறென்ன.

மார்ச் 16, சனி

பாங்குக்கு இவரோடு போனேன். காத்திருக்கும் இடத்தில் உட்காராமல், நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு அடியில் பார்த்துக்கொண்டிருக்கிறார்! எல்லாரும் எங்களையே பார்க்கிறார்கள். கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். "ஃபோம் செத்துப்போச்சு. மேல துணி நல்லா இருக்கு, உள்ள மாத்தினா போதும்" என்றார். சரி, உங்களை யார் கேட்டது என்றேன்.

மார்ச் 20, புதன்

எழுதாவிட்டால் தூக்கம் வராது.

மதியம், எங்கள் குழுவிலேயே இனிமையான குரல்காரியின் அழைப்பு ஒன்று வந்தது. அவளைக் குயில் என்றுதான் கூப்பிடுவோம். வழக்கம்போல முதல் கேள்வி: "உங்கள் வீட்டில் யாராவது கருத்துக்கணிப்பு நிறுவனத்தில் வேலை செய்கிறார்களா?" ஆம் என்றால் அதோடு நன்றி சொல்லி வைத்துவிட வேண்டும்.

"இல்லீங்க" என்றது ஒரு குரல்.

அந்த 'இல்லீங்க'வை நான் எங்கே கேட்டாலும் கண்டுபிடிப்பேன். பதினெட்டு வருஷமாகக் கேட்கிறேன். இவர்! என் வீட்டுக்காரர்! கூசாமல் பொய் சொல்கிறார்!

ஹெட்செட்டைக் கழற்றியிருக்க வேண்டும். கழற்றவில்லை. எப்படிக் கழற்றுவது?

நாட்டு நிலைமை? மோசமாகும். வேலை வாய்ப்பு? மோசமாகும். பெரிய பொருள் வாங்க நல்ல நேரமா? இல்லை. எல்லாம் நான் எதிர்பார்த்த பதில்தான். அடுத்து, இன்னும் ஓராண்டில் உங்கள் குடும்ப நிலைமை? குயில் மூன்று விடைகளையும் படித்து முடிக்கக்கூட விடவில்லை.

"மேம்படும்."

காரணம் சொல்ல முடியுமா என்று கேட்டாள். அது கேள்வியில் உள்ளதுதான். இவர் பேசினார் பாருங்கள் — எனக்குத் தெரிந்து இந்த ஒரு வருஷத்தில் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. ஜனங்கள் புதுசு வாங்க மாட்டார்கள், ஆனால் உட்கார்ந்துதானே ஆக வேண்டும், கொஞ்ச நாள் போர்வை போட்டு மூடுவார்கள், ஸ்பிரிங் குத்த ஆரம்பித்ததும் சரிசெய்ய ஆள் தேடுவார்கள், அப்போது நான் இருப்பேன் என்றார். என் போர்வைக் கதை! நான் அழுகையாகச் சொன்னதை இவர் தொழிலாகக் கேட்டிருக்கிறார்.

குயில் தப்புச் செய்தாள். கேள்வியில் இல்லாததைக் கேட்டாள். "அப்புறம் ஏன் சார் இன்னும் ஆரம்பிக்கல?"

அதற்கு இவர் சொன்னார்:

"வீட்ல சொல்லப் பயமா இருக்கும்மா. அவ பாவம், நாள் பூரா அடுத்தவங்க கவலையக் காதுல வாங்கிட்டு வர்றா. அதுக்கு மேல என் ஆசையை வேற எப்படி ஏத்தறது? கேட்டான்னா சொல்லிடுவேன். ஊர்ல எல்லாரையும் கேக்கறா. என்னைத்தான் கேக்க மாட்டேங்கறா."

குயிலுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இந்த மனுஷனுக்கு நம்பிக்கை போயிடுச்சுன்னு நானா முடிவு பண்ணிக்கிட்டேன். தினம் தினம் தட்டுல சோத்தோட சேர்த்து எதை வெச்சேன் நான்? நாத்தனார் வாசலில் நின்று சொன்னது கிண்டல்னு நினைச்சேனே. எதுக்குய்யா பொய் சொல்லி ஒரு முகம் தெரியாத பெண்கிட்ட பேசணும்? யாராவது கேக்க மாட்டாங்களான்னு அப்படி ஏங்கிப் போயிருந்தீங்களா?

மார்ச் 21, வியாழன்

டீம் லீடர் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மறைத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றாமல் இல்லை. நேற்று நான் கேட்ட அழைப்புகளில் 'மேம்படும்' என்று வந்த ஒரே பதில் இவருடையதுதான். அதை நீக்கச் சொல்ல மனசே வரவில்லை.

அவர் கேட்டுவிட்டுக் கொஞ்சம் சிரித்தார். விதிப்படி அந்த அழைப்பு செல்லாது, எடுத்துவிட்டார். குயில் கேள்வியைத் தாண்டிப் பேசியதையும் தவறு என்று நான் குறிக்க வேண்டியதாயிற்று. குறித்தேன். பிறகு கான்டீனில் அவளுக்குக் காபியும் கேக்கும் வாங்கிக் கொடுத்தேன். தப்பையும் போட்டுவிட்டு கேக்கையும் வாங்கித் தருகிறாளே என்று என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

கேட்டதை வீட்டில் மூச்சு விடக் கூடாது. ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்கள், இன்று மறுபடி சொன்னார்கள். எல்லாம் தெரிந்து தெரியாதவள் மாதிரி ஒரே வீட்டில் எப்படி இருப்பது?

மார்ச் 22, வெள்ளி

சாப்பிடும்போது ஊர்க்கதை ஒன்றும் சொல்லவில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சலா என்று கேட்டார்.

மார்ச் 24, ஞாயிறு

கேட்டுவிட்டேன்.

காலையில் இருந்து ஒத்திகை. துணி மடிக்கும்போது கேட்கலாம் என்று நினைத்து, முடியவில்லை. காய் நறுக்கும்போதும் முடியவில்லை. தினமும் முன்பின் தெரியாதவர்களிடம் சரளமாகக் கேட்கிற வாய், இவர் முன்னால் ஒட்டிக்கொண்டுவிட்டது. மத்தியானம் இவர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தார். எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"என்னங்க, அடுத்த வருஷம் நாம எப்படி இருப்போம்னு நினைக்கறீங்க?"

ஊசி நின்றது. "இது ஆபீஸ் கேள்வியா?"

"இல்ல. இது நான் கேக்கறது. பதில் எவ்வளவு நீளமா வேணா இருக்கலாம்."

நிமிர்ந்து பார்த்தார், ரொம்ப நேரம். நான் முகத்தை என்ன செய்வதென்று தெரியாமல் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கே கண்டுபிடித்துவிடுவாரோ என்று பயம். அவருக்கும் ஏதோ குற்ற உணர்ச்சி போலிருக்கிறது, காது சிவந்துவிட்டது. இரண்டு திருடர்கள் எதிரெதிரே.

பிறகு ஆரம்பித்தார். அறையில் மேஜையை எங்கே போடுவது, ஃபோம் எங்கே வாங்கினால் சல்லிசு, பழைய கம்பெனியின் தையல் மெஷினை ஏலம் விடுகிறார்கள், பள்ளி வேன் சீட் மொத்தமாகக் கிடைக்கும்... ஏற்கெனவே கேட்ட விஷயங்கள் பாதி, கேட்காதவை பாதி. எல்லாவற்றுக்கும் புதிதாகக் கேட்பதுபோல 'ம்' கொட்டினேன். நடுவில் நிறுத்தி, தோத்துப்போனா என்ன செய்வ என்று கேட்டார்.

விதிப்படி ஆறுதல் சொல்லக் கூடாது. விதி ஆபீசோடு போகட்டும்.

"தோத்தா மறுபடி பாத்துக்கலாம். என் சம்பளம் இருக்கு, உங்க கை இருக்கு. பயமாத்தான் இருக்கு எனக்கும். ஆனா நீங்க செய்யணும்."

செருப்பைக் கீழே வைத்துவிட்டுத் தங்கைக்குப் போன் போட்டார். அறை இன்னும் இருக்கிறதாம். தனக்கே கொடுக்கச் சொன்னார். "அண்ணியக் கேட்டியா?" என்று அவள் கத்தியது எனக்கே கேட்டது. "அவதான் என்னைக் கேட்டா" என்றார் இவர்.

மார்ச் 30, சனி

குறியீடு வந்துவிட்டது. மறுபடியும் இறங்கியிருக்கிறது. பேப்பரில் முதல் பக்கம். இவர் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, அதே பேப்பரைத் தரையில் விரித்துவைத்து, கடை அறையின் கதவுக்குப் பெயின்ட் அடித்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. என்ன சிரிப்பு என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

ஏப்ரல் 11, வியாழன்

கடையைத் திறந்துவிட்டோம், இரண்டு நாள் வெறும் கடை. மூன்றாம் நாளும். இவர் 'பாக்கலாம்' என்றார். அதே வார்த்தைதான், ஆனால் இப்போது எனக்குக் கோபம் வரவில்லை. இவரோடு சேர்ந்து நானும் பார்க்கிறேன்.

ஏப்ரல் 19, வெள்ளி

டிரைவிங் ஸ்கூல்காரர் காரின் சீட்டுகளைக் கொடுத்திருக்கிறார். பல் டாக்டர் வரவேற்பறை நாற்காலிகளைப் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார். ராத்திரி சாப்பாட்டில் இப்போது கதை சொல்வது இவர்தான். சோபா இடுக்கில் ஒருவர் வீட்டு டிவி ரிமோட் கிடைத்ததாம், அவர்கள் அதைத் தேடி இரண்டு வருஷமாகச் சண்டை போட்டார்களாம். நான் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேன்.

மறுபடி பேசும் மேஜைக்கு மாறிவிட்டேன். பதில்கள் இன்னும் மோசம்தான். ஊருக்கு விடிந்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான், விடியவில்லை. ஆனால் 'மோசமாகும்' என்று ஒருவர் சொல்லும்போது, அவர் மனசில் என்ன போட்டு வைத்திருக்கிறாரோ, வீட்டில் யாராவது கேட்டார்களோ இல்லையோ என்று இப்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். கேள்வியை முன்னைவிட நிதானமாகப் படிக்கிறேன்.

மே 16, வியாழன்

இன்று ஆபீஸ் முடிந்து வந்தேன். மணியை அடித்தேன், யாரும் திறக்கவில்லை. இன்னொரு தடவை அடித்தேன். எதிர் வீட்டம்மா எட்டிப் பார்த்து, சார் காலையிலேயே போனார், பள்ளி வேன் ஒன்று வந்து ஏற்றிக்கொண்டு போனது, சாப்பாட்டுக்குக்கூட வரவில்லை என்றார்.

வீடு பூட்டியிருந்தது. கடை வந்த பிறகும்கூட நான் வருவதற்குள் இவர் வீட்டில் இருப்பார்; இந்த ஒரு வருஷத்தில் இதுதான் முதல்முறை. படியில் உட்கார்ந்து பையைக் கொட்டி என் சாவியைத் தேடி எடுத்தேன். பூட்டு இறுகிக் கிடந்தது, திருகித் திருகித்தான் திறந்தது. உள்ளே இருட்டு, காலை டீ டம்ளர் கழுவாமல் கிடந்தது. விளக்கைப் போட்டேன். எனக்கு மட்டும் டீ போட்டுக்கொண்டேன்.