காது மடலின் நிறம்

ஆத்லோன், கேப் டவுன்
2016 மார்ச் 22. இன்று எனக்கு எழுபத்து மூன்று வயது, இரண்டு மாதம், பதின்மூன்று நாள்.

அன்புள்ள ரோஷெல்,

என் முழங்கால் தவிர இங்கு யாவும் நலம். அங்கே கனடாவில் நீயும் குழந்தையும் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரியாது, ஏனெனில் ஐந்து வாரமாக நீ என் தொலைபேசியை எடுப்பதில்லை. பேத்தி பிறந்த அன்று நான் கேட்ட முதல் கேள்வி, முடி சுருட்டையா என்பது. இரண்டாவது, காது மடலின் விளிம்பு கறுத்திருக்கிறதா என்பது; குழந்தை வளர்ந்தபின் என்ன நிறமாகும் என்பதை அது காட்டும் என்பார்கள். பிரசவம் எப்படி நடந்தது என்று கேட்கவே இல்லை. "அம்மா, அந்தக் காலத்துல ஆளுங்களை நிறம் பிரிச்ச ஆபீஸ்ல நீ வேலைக்குச் சேர்ந்திருக்கலாம்மா" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தாய். முப்பத்தொரு ஆண்டு பள்ளியில் வரலாறு கற்பித்தவள் நான். ஐரோப்பியர் கப்பலில் வந்து, நிலத்தைப் பிடித்து, மனிதரை நிறவாரியாக அடுக்கி, அந்த அடுக்கை எங்கள் தலைக்குள்ளும் வைத்துப் பூட்டியதைக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். அப்படியிருக்க, என் கண் ஏன் குழந்தையின் காதைத் தேடிப் போகிறது? பெரிய வெள்ளிக்கு மீன் ஊறப்போட வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த எதிர்வீட்டுக் கேட்டியிடம் கேட்டேன். "நம்ம எல்லாரும் அதைத்தானேடி முதல்ல பார்ப்போம்? பொண்ணு பார்க்க வந்த என் மாமியா என் தலைக்குள்ள விரலையே விட்டுப் பார்த்தா. பேன் பார்க்குறாளாக்கும்னு நினைச்சேன்" என்றாள். இருவரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்த பிறகு, எதற்குச் சிரித்தேன் என்பது எனக்கு விளங்கவில்லை.

நான் பள்ளிக்குப் போன பகலெல்லாம் உன்னை வளர்த்தவள் என் அக்கா, உன் ஊனா பெரியம்மா. கலப்பினக் குடும்பத்தில் ஒரே தாய் தந்தைக்குப் பிறந்தோம். அவள் வெளுப்பு, நான் இல்லை. வெள்ளையர் என்று அரசின் இன அடையாள அட்டை வாங்கி, கெரிட் என்ற வெள்ளைக்கார எழுத்தரை மணந்து, அவள் நகரின் மறுபக்கம் குடியேறிய கதை உனக்குத் தெரியும். 1962இல் வந்த ஒரு மொட்டைக் கடிதத்தை நம்பி அதிகாரிகள் அவளை அழைத்து, தலைமுடியில் பென்சிலைச் செருகிக் குனியச் சொன்னார்கள். விழாமல் நின்றால் சுருட்டை முடி, வெள்ளையர் இல்லை என்பது அவர்கள் கணக்கு. பென்சில் விழவில்லை. அட்டை மாறியது, வெள்ளையர் மற்ற இனத்தாரை மணக்கக் கூடாதென்ற சட்டப்படி திருமணம் செல்லாது என்றார்கள், ஒரே ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பினாள். சாகும்வரை இரவில் நைலான் காலுறையைத் தலையில் இறுக்கி, முடியைப் படியவைத்துக்கொண்டுதான் தூங்கினாள். "யாருடி எழுதியிருப்பா, அந்தத் தபால்காரன் பொண்டாட்டியா?" என்று என்னிடமே கேட்பாள்.

குழந்தையின் முடியை இழுத்துப் படியவைக்காதே, எண்ணெய் மட்டும் போதும். குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. கடவுள் உன்னையும் உன் கணவரையும் குழந்தையையும் காக்கட்டும். ஞாயிறன்று கூப்பிடுவேன், எடுப்பதும் எடுக்காததும் இதைப் படித்தபின் உன் விருப்பம்.

1962இல், அந்த மொட்டைக் கடிதத்துக்கு முன், ரயில் நிலையத்தில் கெரிட்டோடு நின்ற ஊனாவை "அக்கா" என்று கூப்பிட்டேன். "எங்க வீட்டுல துணி துவைச்சவ மக" என்று அவனிடம் சொல்லிவிட்டு நகர்ந்தாள். அந்தக் கடிதத்தை எழுதியது நான். அவளைத் தண்டிக்கவா, வீட்டுக்குத் திரும்ப வரவழைக்கவா, அல்லது எனக்குக் கிடைக்காதது அவளுக்கும் கிடைக்கக் கூடாதென்றா, ஐம்பத்து நான்கு ஆண்டாக யோசித்தும் தெரியவில்லை. எழுதிய வரி மட்டும் மறக்கவில்லை: "மழையில் நனைந்தபின் அவள் முடியைப் பாருங்கள்." நீ சொன்னது சரி, ரோஷெல். அந்த ஆபீஸில் நான் ஒரு நாள் வேலை பார்த்திருக்கிறேன்.

உன் அம்மா,
ஹெஸ்டர் ஃபோர்ட்டுயின்