பாதியில் நின்ற லேத்

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் சுகம். நீயும் குழந்தைகளும் சுகமாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு மூட்டுவலி பரவாயில்லை; வாய் மட்டும் வழக்கம்போலத்தான்.

அப்பா மேலிருந்த கோபத்தில், அவர் உடலை எடுத்தபோதும் நீ வரவில்லை. அவருடைய லேத் செய்யும் பட்டறையை விற்கவாவது வருவாய் என்றிருந்தேன். மதிப்பீட்டாளரை அனுப்பி வைத்தாய். மனுஷன் நல்லவர். வெயிலிலும் மழையிலும் கிடக்கும் வார்ப்புகளைப் பழைய இரும்பு என்று எழுதப் போனார். வார்ப்பு நாள்பட வெளியே கிடந்தால்தான் லேத் ஆன பின்னால் கோணாது, அப்பா வேண்டுமென்றே போட்டு வைத்தது என்றேன். கேட்டுக்கொண்டார்.

தகராறு அப்பா கடைசியாகச் செய்துகொண்டிருந்த லேத்தில்தான். அவர் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது அதன் பக்கத்தில். நீலச் சாயம் தடவிய மட்டக்கட்டையை வைத்தெடுத்து, நீலம் ஒட்டிய மேட்டையெல்லாம் சுரண்டிச் சுரண்டிச் சமப்படுத்துவாரே, அந்த வேலை பாதியில் நின்றிருந்தது. மதிப்பீட்டாளர் பாதி என்றே எழுதிக்கொண்டு போனார். மறுநாள் பார்த்தால் முக்கால். ஆட்களை எப்போதோ அனுப்பியாயிற்று, சாவி என் இடுப்பில். சாயம் ஈரமாக இருந்தது.

திருத்தி எழுதினார். அடுத்த நாளும் திருத்த வேண்டியதாயிற்று. பேனாவை மூடிவிட்டு, "வேலை நடந்துக்கிட்டே இருக்கேம்மா, கூலியையும் மதிப்புல சேர்க்கணும். யார் பேர்ல போடறது?" என்றார். புதுத் தடங்களைக் குனிந்து பார்த்தேன். எல்லாம் வலதுகைக்காரர் சுரண்டுவதற்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தன. நம் பட்டறையில் இடதுகைக்காரர் அப்பா ஒருவர்தான். அதன் பிறகு மதிப்பீட்டாளர் வரவில்லை, போனையும் எடுப்பதில்லை.

அம்மாவிடம் சொன்னேன். வெங்காயம் உரிப்பதை நிறுத்தாமல், "எடுத்த வேலைய முடிக்காம அந்த மனுஷன் என்னிக்கு வீடு வந்து சேர்ந்தாரு? வேலை முடிஞ்சதும் வருவாரு" என்றாள். அன்றிலிருந்து அவர் தட்டையும் கழுவி வைக்கிறாள்.

வேலை முடிந்துவிடக் கூடாது என்று பயந்து, தம்பி, நேற்று நானே உளியால் குறுக்கே ஒரு கோடு கிழித்துவிட்டு வந்தேன். அவர் உழைப்பைக் கெடுக்கிறோமே என்று அழுகை வந்தது. காலையில் போய்ப் பார்த்தேன். கோடு இல்லை. மட்டக்கட்டையை வைத்தெடுத்தால் எல்லா இடத்திலும் நீலம் ஒரே சீராக ஒட்டுகிறது. இனிச் சுரண்ட ஒன்றுமில்லை.

விற்பதும் விற்காததும் உன் இஷ்டம். நீயும் உன் பிள்ளைகளும் நூறு வயது நன்றாயிருக்க வேண்டும். கடிதம் கண்டதும் புறப்படு. வீட்டுக்குள் கால் வைத்ததும் அப்பா முதலில் கேட்கப் போவது, "தம்பி வந்துட்டானா?" என்றுதான். அவர் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல என்னால் ஆகாது.

உன் அக்கா