ஹசி இருக்கும்மா

அண்ணா,

குளியலறை ஜன்னல் சட்டத்தைச் சுரண்ட இன்று ஆள் வந்திருக்கிறார். உப்புத்தாள் தேய்க்கத் தேய்க்க, நீங்கள் அடித்த வெள்ளைப் பெயிண்ட் உதிர்கிறது. ஈர மரத்தின் புளித்த வாடை ஹால் வரை வருகிறது.

எங்கள் அல்சூர் அபார்ட்மென்ட்டில் யார் வீட்டுப் பெயிண்ட் வேலைக்கும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். நானும் கூப்பிட்டேன். வெள்ளிக்கிழமை மாமியார் வருகிறார், அதற்குள் முடியவேண்டும் என்று உங்களைப் பாடாய்ப் படுத்தினேன். நான் மீட்டிங்கில் இருந்தபோது கதவோரம் வந்து நின்றீர்கள். "ஹசி இருக்கும்மா. இன்னைக்கு வேணாம்" என்றீர்கள்.

பெங்களூருக்கு வந்து இரண்டு வருடத்தில் நான் கண்டுபிடித்த பெரிய இலக்கணம் ஒன்று உண்டு. தமிழில் 'ப' என்றால் கன்னடத்தில் 'ஹ'. பால் ஹாலு, பல் ஹல்லு. அப்படியானால் ஹசி, பசி. இதே ஊரில் நீலசந்திராவில் பிறந்து வளர்ந்த தமிழர், கன்னடம் கலந்துதான் பேசுவார் என்று நினைத்தேன். பசியைச் சாக்காக வைத்து வேலையைத் தள்ளிப்போடுகிறார் என்றும் நினைத்தேன். தட்டில் உப்புமாவை வைத்து, "சாப்பிட்டுட்டு இன்னைக்கே முடிச்சிடுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், தட்டைப் பார்த்தீர்கள். சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு பிரஷ்ஷை எடுத்தீர்கள்.

பத்தே நாளில், வெந்நீர் ஆவியில் சட்டம் முழுக்கக் கொப்புளம். போட்டோ எடுத்து அபார்ட்மென்ட் வாட்ஸப் குழுவில் போட்டேன். 'சாப்பாடு போட்டும் ஏமாற்றிவிட்டார்' என்று எழுதினேன். அதன்பிறகு இங்கே ஒருவரும் உங்களைக் கூப்பிடவில்லை.

சில மாதம் கழித்து, தள்ளுவண்டிக்கார அம்மா பச்சை மிளகாயை அள்ளி "ஹசி மெணசினகாய்" என்றார். ஹசி என்றால் என்ன என்று கேட்டேன். பச்சை, ஈரம் காயாதது என்றார். மரம் இன்னும் காயவில்லை என்றுதான் சொல்லியிருக்கிறீர்கள்.

உங்கள் எண் என் போனில் இருந்தது. தப்பு என்னுடையது என்று குழுவில் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்களே என்று எழுதவில்லை. போன மாதம் நீங்கள் இறந்துவிட்டதாக வாட்ச்மேன் சொன்ன பிறகுதான் எழுதினேன். நாலைந்து பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். பிறகு பேச்சு தண்ணீர் லாரிக்குப் போய்விட்டது.

இன்று வந்தவர் சட்டத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, என்னிடம் சொல்லத் தயங்கி நின்றார்.

"ஹசி இருக்கா?" என்று நானே கேட்டேன். தலையாட்டினார்.

"காயட்டும். அவசரமில்ல" என்றேன்.

உங்களிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான், அண்ணா.