அம்மா அசையாமல் உட்காருகிறாள்

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே அம்மாவும் நானும் நலம், அங்கே நீயும் அண்ணியும் வயிற்றுப் பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். அம்மா சொல்ல நான் எழுதுகிறேன், நடுவில் என் வார்த்தையும் நுழைந்துவிட்டால் பொறுத்துக்கொள். நான் முதலில் கவனித்தது ஒரு சின்ன விஷயம். வீடியோவில் நீ வாயைத் திறந்தபடி உறைந்துபோவாய் அல்லவா, அப்போதெல்லாம் அம்மாவும் அசையாமல் உட்கார்ந்துகொள்கிறாள். தான் தலையை ஆட்டுவதால்தான் படம் நிற்கிறதாம். போன மாதம் முழுக்க நீங்கள் இருவரும் பேசவே இல்லை, ஸ்டுடியோவில் போட்டோ எடுப்பதுபோல் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தீர்கள். அதே போனில் இணையக் கம்பெனியின் சொந்த ஆப்பில் வரும் நடனப் போட்டி மட்டும் துளிகூட நிற்காமல் ஓடுகிறது.

நம் வீட்டு லைனும் போன் சிம்மும் அந்த ஒரே கம்பெனிதான், அதனால் லைன்காரரை வரவழைத்தேன். அவர் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. லைனில் கோளாறு கிடையாது, வெளி ஆப்களை மெதுவாக விடச் சொல்லி மேலிடத்து உத்தரவு, எங்கள் ஆப்பில் பேசினால் பறக்கும் என்றார். அது அண்ணன் இருக்கும் நாட்டில் கிடைக்காதே என்றேன், அப்படியானால் அண்ணனை இங்கே வரச் சொல்லுங்கள் என்று சிரித்தார். முன்பு இதையெல்லாம் தட்டிக்கேட்க அரசாங்கத்தில் ஓர் அலுவலகம் இருந்ததாம். கம்பெனிகள் தங்களைத் தாங்களே கண்காணித்துக்கொள்ளும் என்று சொல்லி அதன் பல்லைப் பிடுங்கிவிட்டார்களாம். நல்ல கண்காணிப்பு, பரீட்சை எழுதுகிறவனே தாளும் திருத்துவது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட எனக்கே அது புரிகிறது.

அந்த அலுவலகத்துக்கு அதிகாரத்தைத் திரும்பக் கொடுக்கலாமா என்று நேற்று நகர மண்டபத்தில் கருத்துக் கேட்டார்கள். அம்மா என்னை இழுத்துக்கொண்டு போனாள். கம்பெனி ஆள் மடிப்புக் கலையாத கோட்டில் வந்து, நாங்கள் யாரையும் தடுக்கவில்லை, எங்களுடையதைக் கொஞ்சம் வேகமாக விடுகிறோம், அவ்வளவுதான் என்று குழைந்தார். ஊர் ரோட்டைத் தோண்டிப் போட்டுவிட்டு, என் வாசல் வரைக்கும் வழவழப்பாகத்தானே இருக்கிறது என்கிறவருக்குக் கோட்டு ஒரு கேடு. வேறு யாராவது பேச உண்டா என்று கூட்டம் நடத்திய அதிகாரி கேட்டபோது அம்மா என் தொடையைக் கிள்ளினாள். எழுந்தேன், பேசுவதற்குப் பதில் போனை எடுத்தேன். வீடியோவில் உன்னைக் கூப்பிட்டேன், நீ வழக்கம்போல் பாதிக் கொட்டாவியில் நின்றாய். அதைத் தூக்கிக் காட்டிவிட்டு நடனப் போட்டியைப் போட்டேன், குதித்துக்கொண்டு ஓடியது. மண்டபமே சிரித்தது. போன் பழசாக இருக்கும் என்றார் கோட்டுக்காரர். உட்கார்ந்த இடத்திலிருந்தே அம்மா சொன்னாள்: "போன் நல்லாத்தான் இருக்கு. என் பிள்ளைக்குத்தான் நீங்க வழி விடமாட்டேங்கிறீங்க. நாளைக்குப் பேரப்பிள்ளை பொறந்தா, அதையும் பாதியில நிறுத்தித்தான் காட்டுவீங்களா?"

தாள் முடியப்போகிறது, அம்மாவின் ஆசியை இங்கேயே எழுதிவிடுகிறேன். இருவரும் நன்றாக இருக்க வேண்டும், பிரசவம் சுகமாக ஆக வேண்டும், அண்ணியைக் கனமான எதையும் தூக்கவிடாதே. பிள்ளை பிறந்ததும் படத்தை அச்சடித்துத் தபாலில் அனுப்ப மறக்காதே, யார் வீட்டுப் பிள்ளை என்று பார்த்துத் தபால்காரர் மெதுவாக நடப்பதில்லை. விட்ட இடத்துக்கு வருகிறேன். சிரிப்பு அடங்கியதும் அதிகாரி, காட்டியதெல்லாம் பதிவில் ஏறாது, பெயரையும் குறையையும் வாயால் சொன்னால்தான் ஏறும் என்றார். உனக்குத்தான் தெரியுமே, வீட்டுக்கு ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிறவள் நான். மைக்கை என் உயரத்துக்கு இறக்கினேன்.

அம்மாவுக்காக எழுதிய
உன் தங்கை