அரை மூச்சு

ஐப்பசி 10, சனி. வங்காலை.
வாடைக் காற்று. கடல் கலங்கல். ஆமியின் பயணப் பாஸ் கிடைத்துவிட்டது, நாளை அத்தானோடு கொழும்புப் பயணம். அவருக்கு ஈரலில் புற்று, ஒரு பாக்கு அளவு. வெட்ட ஏலாதாம். ஸ்கானில் பார்த்தபடியே நீள ஊசி ஏற்றி, புற்றுக்குள் ஸ்பிரிட் விட்டுக் கருக்குவார்களாம்.

அத்தானுக்குப் பகிடி. "குடிச்சா உன்ர அக்கா ஏசுவா. இப்ப ஊசியாலயே ஊத்தப்போகினம்."

அக்கா சிரிக்கவில்லை. எடுக்க: சாரம், சோப், துவாய்.

ஐப்பசி 13, செவ்வாய். ஆஸ்பத்திரி.
நடக்கவில்லை. எனக்குச் சரியான கோபம், யாரோடு என்றுதான் தெரியவில்லை.

டொக்டர் மூச்சைப் பிடிக்கச் சொன்னாராம். அத்தான் சங்கு குளித்தவர். நேவி கடலை மூடி எவ்வளவு காலம், உடம்பு மறக்கவில்லை. நெஞ்சு முட்ட இழுத்துக் கண்ணையும் மூடிவிட்டார். ஈரல் கீழே இறங்கி, புற்று குறித்த இடத்தில் இல்லை. விடச் சொன்னால் விடவும் இல்லை. வேறெங்காவது குத்திவிடும் என்று நிறுத்திவிட்டார்கள். வியாழன் இன்னொருதரம். அதுவும் சரிவராவிட்டால் வீட்டுக்குப் போகலாமாம்.

"ஏன் அத்தான் விடேல்ல?"

"நீ கயிறு சுண்டேல்லையே."

உண்மையாகத்தான் சொன்னார். குளிக்கிறவரின் கயிற்றை மனிசியின் சகோதரன்தான் பிடிப்பது. தன் சகோதரியை விதவையாக்கமாட்டான் என்ற நம்பிக்கை. நான் சுண்டினால்தான் மேலே வருவார். தானாகக் கயிற்றை இழுத்து, தன்னைத் தூக்கச் சொன்னது ஒருநாளும் இல்லை.

ஐப்பசி 14, புதன்.
மழை. தேத்தண்ணி பச்சைத்தண்ணி மாதிரி. அவர் வயிற்றில் கை வைத்துப் பழக்கினேன்.

"சின்னதா எடுங்கோ. அரை மூச்சு."

"அரை மூச்சோட இறங்கினா செத்துப்போவன்டா."

"இங்க முழு மூச்செடுத்தாத்தான் சாவியள்."

சொல்லிவிட்டு வெளியே போய் அழுதேன்.

பின்னேரம் துவாய்க் கரையைக் கிழித்து அவர் கால் பெருவிரலில் கட்டினேன். ஒரு சுண்டு, அரை மூச்சில் நிறுத்து. இன்னொன்று, விடு. அவருக்கு உடனே பிடிபட்டது. பக்கத்துக் கட்டில்காரர், "ரெண்டுபேருக்கும் விசரோ?"

என்னையும் உள்ளே விடச்சொல்லி டொக்டரைக் கேட்கவேண்டும். சிரித்தால் சிரிக்கட்டும்.

ஐப்பசி 15, வியாழன்.
மருந்து உள்ளே போய்விட்டது. இன்னொருதரமும் வேண்டுமாம். பங்குச் சாமியார் வீட்டுக்குப் போன் எடுத்து அக்காவுக்குச் சொல்லச் சொன்னேன்.

டொக்டர் சிரிக்கவில்லை. ஊத்தைத் துணி வேண்டாம் என்று புதுப் பண்டேஜ் தந்து, என்னைக் கால்மாட்டில் நிறுத்தினார். ஸ்கான் திரையெல்லாம் சாம்பல், நடுவில் கறுப்பு வட்டம். மூச்சோடு ஏறி இறங்கியது. டொக்டர் தலையாட்ட, சுண்டினேன். வட்டம் நின்றது. ஊசி போனது. கறுப்பு மெல்ல மெல்ல வெள்ளையானது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. டொக்டர் ஊசியை எடுத்ததையும் காணவில்லை, இரண்டாவது தரம் சுண்டவும் மறந்துபோனேன்.

கையில் கயிறு அசைந்தது. அத்தான் இழுக்கிறார்.